8ஆம் வகுப்புப் பூத்தையல் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள், சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் வாழும் துருக்கிய இனத்தாரின் பழங்கதைகளில் வரும் பெண் ஷாமன்களை, அதாவது ஆவிகளோடு பேசுவதாக நம்பப்பட்ட பூசாரிப் பெண்களை, பூத்தையலாகத் தைக்கப் போகிறார்கள். "பள்ளிக்கூடத்தில் இந்த மந்திரவாதமெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. பெண்கள் ஊரின் நடுவே நின்று மேளம் தட்டி, ஆவிகளோடு பேசி, நோயாளிக்கு வழி சொன்ன ஒரு வரலாற்றைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதி ஷாமனின் மேலங்கியைப் பாருங்கள்: பாம்பு போலத் தொங்கும் துணிக் கயிறுகள், மணிகள், உல்கென் என்ற வானக் கடவுளின் மகள்களாகச் சிறு துணிப் பொம்மைகள். தலையில் ஆந்தை இறகு. அந்த அங்கியே ஒரு தையல் வேலைதான்!

உமாய் என்ற பெண் தெய்வமும் இதில் வருவாள். பிள்ளைகளைக் காப்பவள். அவள் காவலுக்காகத் தொட்டிலில் குட்டி வில்லும் அம்பும் கட்டுவார்கள். மங்கோலியாவில் துருக்கிய இளவரசர் குல் தெகின் நினைவாக 732இல் எழுப்பிய கல்வெட்டு, அரசியான அவர் தாயை உமாய்க்கு ஒப்பிடுகிறது. அப்புறம் 1930களில் சோவியத் அரசு ஷாமன்களைச் சிறையில் அடைத்தது, மேளங்களைப் பறித்தது. இதையும் வகுப்பில் மறைக்காமல் பேசுவோம்.

தையல் முறையை, இன்னொரு துருக்கிய இனத்தாரான கசக் பெண்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். 'துஸ்கீஸ்' என்பது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் பெரிய பூத்தையல் துணி. கொக்கி ஊசியால் நெருக்கமாகச் சங்கிலித் தையல் போட்டு, ஆட்டுக்கடாக் கொம்பு போல் சுருளும் கோலங்களை நிரப்புவார்கள். பல துணிகளில் தைத்த ஆண்டும் இருக்கும், கீழ் ஓரத்தை மட்டும் தைக்காமல் விட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளும் தங்கள் துணியில் ஆண்டைத் தைப்பார்கள்.

பையன்களும் ஊசி பிடிப்பார்கள். அதில் விலக்கு கேட்க வேண்டாம், தயவுசெய்து.

அடர்நிறப் பருத்தித் துணி ஒரு முழம் போதும், பழைய புடவைத் துண்டானாலும் சரி. நூலும் ஊசியும் பள்ளியே தரும். ஒப்புதல் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தையல் தெரிந்த பாட்டியோ அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், புதன்கிழமை மதியம் வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். நூலை எவ்வளவு இழுத்தால் துணி சுருங்காது என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்