பிடியரிசியைத் திருப்பி அனுப்பிய சபைக் கமிட்டிக்கு

அன்புள்ள கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும், கேரளத்துப் பாறசாலைப் பக்கமும் இருந்து வந்து ஒரே பெஞ்சில் உட்காருகிற சபை நம்முடையது. பதினாறு வருஷமாக இங்கே பாலர் வகுப்பு எடுக்கிறேன். கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு இடம் கிடையாது, அதனால்தான் இந்த மடல்.

அறுப்பின் பண்டிகை அன்று என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இரண்டாம் வகுப்பு படிக்கிறவள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பிடியரிசி கொண்டுவந்தாள். பாட்டி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் போட்டது. அந்தப் பாட்டிலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடியில் சிவப்பாகச் சம்பா அரிசி, அதன்மேல் வெள்ளையாக ரேஷன் அரிசி, மறுபடியும் நாலு விரல் உயரத்துக்குச் சம்பா, அப்புறம் வாய் வரைக்கும் ரேஷன். அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத வாரம் ரேஷன் அரிசிதான். ஒரு வீட்டின் சில வாரத்து வானிலை அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது.

காணிக்கை மேசையில் இருந்தவர், “அரிசி இப்போ எடுக்கிறதில்ல பிள்ளே. க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு, வீட்டுல சொல்லு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் திரும்பி வந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “டீச்சர், அரிசி வேண்டாமாம்” என்றாள். அதே நேரத்தில் மைக்கில், காணிக்கையாக வந்த ஒரு செவ்வாழைக் குலை 12,000 ரூபாய்க்கு ஏலம் போனது. எடுத்தவரின் பெயர் மூன்று தரம் வாசிக்கப்பட்டது.

அரிசியில் வண்டு விழுகிறது, விற்றுக் காசாக்க ஆள் இல்லை என்பீர்கள். சரி, அதுவும் உண்மைதான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கலாம்.

மாற்கு பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிறுபிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். இயேசு விசனமடைந்து, சிறுபிள்ளையைப்போல் ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாதவன் அதில் பிரவேசிக்கமாட்டான் என்கிறார். பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்ததற்கு அடுத்த வசனத்திலேயே ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிடுகிறான், மிகுந்த ஆஸ்தியுள்ளவன். மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த இரண்டும் இதே வரிசையில்தான் வருகின்றன. நாம்தான் முதல் பாதியைப் பாலர் ஞாயிறுக்கும் மறுபாதியைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். உண்டானதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் அவன் துக்கத்தோடு போகிறான். அதன் பிறகு, திகைத்து நிற்கிற சீஷர்களை ஆண்டவர் எப்படிக் கூப்பிடுகிறார் பாருங்கள்: “பிள்ளைகளே.” வலை இழுத்துக் கை காய்த்துப்போன ஆட்களை! ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்கிறவர்கள் உள்ளே போவது எவ்வளவு அரிது என்கிற வார்த்தை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

சிறுபிள்ளை என்றால் கள்ளங்கபடமில்லாதவர்கள் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். பாலர் வகுப்புக்கு ஒரு ஞாயிறு வந்து பாருங்கள், பென்சில் திருடுவார்கள், திருடவில்லை என்று சத்தியமும் பண்ணுவார்கள். பிள்ளைக்குத் தன் பேரில் எதுவும் கிடையாது, அதுதான் விஷயம். பசித்தால் தட்டை நீட்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். நாளைக்கு என்ன என்ற கேள்வி அம்மாவுக்கு உரியது. ஓடிவந்தவனோ நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். கையில் அவ்வளவு இருக்கிறவனுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

இல்லாமையை நான் பெருமை பேசவில்லை. அந்தப் பாட்டிக்கு மழைக்காலம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெட்டு இல்லாத வாரத்திலும் ஒரு பிடி எடுத்து வைக்க அவளுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நமக்கோ கட்டட நிதி முழுவதையும் பிக்சட் டெபாசிட்டில் போட்ட பிறகும் தூக்கம் வரவில்லை. போன கூட்டத்தில் வட்டி விகிதத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினீர்களாம்.

1806இல் இந்தப் பக்கம் வந்த ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தே தீர்த்தவர். 1816இல் கப்பலேறப் புறப்பட்டபோது போட்டுக்கொள்ள ஒரு கோட்டு கூட அவரிடம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மயிலாடியில் 1809இல் ஆலயம் எழும்பியது அவர் காலத்தில்தான். நம் புது ஆலய வாசலிலோ ஒரு லட்சம் கொடுத்தவர்கள் மேலே, பத்தாயிரம் கொடுத்தவர்கள் கீழே என்று பளிங்கில் பெயர் வெட்டப் போகிறீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தொகையை விட்டுவிட்டு அகர வரிசையில் வெட்டுங்கள். ஏலத்தில் தொகையை மைக்கில் சொல்வதையும் நிறுத்துங்கள். பழைய பிடியரிசிப் பெட்டி வெஸ்ட்ரியில், அதுதான் ஆலயத்தின் பக்கத்து அறையில், நாற்காலிகளுக்குப் பின்னால் கிடக்கிறது, பூட்டு மட்டும்தான் துருப்பிடித்திருக்கிறது.

பாட்டில் இப்போது என் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனால் பாட்டி வருத்தப்படுவாள் என்று பிள்ளை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். வண்டு வராமல் இருக்க இரண்டு வற்றல் மிளகாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு மேசைக்கு வருவேன். யார் உட்காரப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
பாலர் வகுப்பு டீச்சர்