கோலம் தின்ற புள்ளிகள்: 250 பெயர்த்தகடுகள் பற்றிய புகார்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் பட்டறையில் செய்யும் கிரைண்டர்களுக்கு 250 அலுமினியப் பெயர்த்தகடுகள் உங்களிடம் ஓடர் கொடுத்திருந்தேன். ஒன்று 240 ரூபா, மொத்தம் 60,000. பாதியை முற்பணமாகக் கட்டினேன். போன வாரம் பெட்டி வந்தது. திறந்து பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெறும் தகடு வேண்டாம், புள்ளிக் கோலம் மாதிரி ஏதாவது அலங்காரம் போடுங்கள் என்று கேட்டது நான்தான். நீங்கள் காட்டிய சாம்பிள் மிக அழகாக இருந்தது. மெல்லிய கோடு இழுத்த மங்கல் பினிஷ், அரித்து எடுத்த எழுத்தில் கறுப்பு மை, கோலம் ஓரத்தில் மட்டும். அதில்தான் கையெழுத்து வைத்தேன்.

வந்த தகட்டில் கோலம் முழுவதும் படர்ந்து எழுத்துக்கு அடியிலும் ஓடுகிறது. போதாததற்கு, எழுத்தையும் கோலத்தையும் ஒரே ஆழத்தில் அரித்துவிட்டு மையைப் பூசித் துடைத்திருக்கிறீர்கள். குழி இருக்கும் இடமெல்லாம் மை தங்கத்தானே செய்யும்? இப்போது கோலத்தின் புள்ளியும் கறுப்பு, தமிழெழுத்தின் புள்ளியும் கறுப்பு, அளவும் ஏறக்குறைய ஒன்று. ‘கழுவும் முன் பிளக்கைக் கழற்றவும்’ என்ற வரியில் இருக்க வேண்டியது 6 புள்ளி. நான் எண்ணியது 11. அவற்றில் எது என்னுடையது, எது கோலத்துடையது என்று என் மனைவிக்கும் தெரியவில்லை. தண்ணீரோடு புழங்கும் மெஷினில் இந்த ஒரு வரியாவது சரியாக வாசிக்க வேண்டும். சிங்கள வரியும் தப்பவில்லை. வெல்டிங் செய்யும் பையன் பார்த்துவிட்டு, “அங்கய என்ற சொல்லில் பிந்துவ எது முதலாளி?” என்று கேட்டான். அங்கய என்றால் இலக்கம், பிந்துவ என்பது சிங்கள எழுத்துக்குப் பக்கத்தில் வரும் சிறு வட்டம். ஆங்கில வரிக்கு மட்டும் பெரிய சேதமில்லை, அதில் புள்ளி குறைவு.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது உங்கள் டிசைனர் தம்பி, 1927இல் லிண்ட்பேர்க் அத்திலாந்திக்கைக் கடந்த விமானத்தின் மூக்கில்கூட வட்டச் சுழிகள் நிறைய இருந்தன, அதன் மேல்தான் பெயர் எழுதினார்கள் என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைப் பெரிய பெரிய கறுப்பு எழுத்தில் வண்ணம் தீட்டினார்கள். என் தகட்டின் எழுத்து 2 மில்லிமீற்றர்.

அடுத்தது, கோட்டின் திசை. தகடுகளில் பாதிக்குக் கோடு நீளவாக்கில் ஓடுகிறது, மீதிக்குக் குறுக்கே. ஷீட் மிச்சம் பிடிக்கத் திருப்பிப்போட்டு வெட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோடு இழுத்த உலோகம் திசைக்குத் திசை வேறு மாதிரி ஒளி காட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வெள்ளவத்தைக் கடைக்காரர் பார்த்தால் ஒன்று பழைய சரக்கு என்பார்.

இரண்டு தகட்டை மெஷினில் ஒட்டி வீட்டில் அரைத்தும் பார்த்தேன். மை பாதிக் குழியைத்தான் நிரப்பியிருக்கிறது, மீதியை உளுந்து மாவு நிரப்பிக்கொண்டது. துணியால் துடைத்தால் போகவில்லை, பல் துலக்கும் பிரஷ் தேவைப்பட்டது. இரண்டாம் நாள் புளித்த வாடை வேறு.

எனவே 250 தகட்டையும் உங்கள் செலவில் திரும்பச் செய்து தாருங்கள். கோலம் ஓரத்தோடு நிற்கட்டும், எழுத்துக்குப் பின்னால் வெறும் கோடு இழுத்த பரப்பு போதும். கோட்டை நீளவாக்கிலேயே எல்லாத் தகட்டிலும் விடுங்கள். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு தகட்டை எனக்குக் காட்ட வேண்டும், வட்ஸ்அப் போட்டோ வேண்டாம், கையில் தாருங்கள். தைப்பொங்கலுக்கு முன் மெஷின்கள் கடைக்குப் போக வேண்டியிருப்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் என்னால் பொறுக்க முடியாது. முடியாதென்றால் முற்பணம் 30,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். மீதிப் பணத்தை இந்தத் தகடுகளுக்கு நான் கட்டமாட்டேன்.

248 தகடுகள் பெட்டியோடு பட்டறையில் இருக்கின்றன, ஞாயிறு தவிர எந்த நாளும் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். ஒட்டிய இரண்டையும் கழற்றினால் வளைந்துவிடும், அவை இங்கேயே இருக்கட்டும். கையெழுத்திட்ட சாம்பிளும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கிரைண்டர் பட்டறை உரிமையாளர்