மூட்டைக்குக் காது உண்டு, கம்பிக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எடை தூக்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியைக் குனிந்து எடுத்து நிமிரும் பயிற்சி பற்றிய பகுதியில் முதுகு வளையக் கூடாது, கம்பி காலை ஒட்டியே மேலே வர வேண்டும், மூச்சை வயிற்றில் கட்ட வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்பியைக் கையால் எப்படிப் பிடிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. போதாததற்கு, பக்கத்தில் ஒரு படம். ஒரு உள்ளங்கை தன்னைப் பார்க்க, இன்னொரு உள்ளங்கை வெளியே பார்க்க ஒருவர் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். வெளியே பார்க்கிற கையின் முழங்கை லேசாக மடங்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வலது முழங்கையில் ஒரு கூச்சம் ஓடியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். வயது 54. மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன், பிடிக்கவில்லை. மகன்தான் கொண்டுபோய் ஜிம்மில் சேர்த்துவிட்டான். அங்கே எனக்குப் பிடித்துப்போனது இந்த டெட்லிஃப்ட் ஒன்றுதான். தரையில் கிடப்பதைக் குனிந்து எடுத்து நிமிர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆலையில் காலையிலிருந்து ராத்திரி வரை லோடுமேன்கள் செய்வதும் அதுதானே.

ஒரு நாள் லோடுமேன் மேஸ்திரியிடம் 120 கிலோ தூக்குகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மனக்கணக்குப் போட்டார். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. "அப்ப மூணு மூட்டை. தூக்கி எங்க கொண்டு போய் வைப்பீங்க கணக்கப்பிள்ளை?" எங்கேயும் இல்லை, தூக்கின இடத்திலேயே வைத்துவிடுவேன் என்றேன். "அதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

கை போன கதைக்கு வருகிறேன். குறுவை நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த புரட்டாசி மாதம் அது. மழை வருவதற்குள் நெல்லை உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நானும் சில நாள் தவிட்டு மூட்டைகளை எண்ணித் தள்ளிக்கொண்டிருந்தேன். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தப் பிசுக்கு லேசில் போகாது. அந்தக் கையோடு ஜிம்முக்குப் போனேன். கம்பியில் பக்கத்துக்கு இரண்டு இருபது கிலோ தட்டு, ஒரு பத்து கிலோ தட்டு, கம்பி இருபது கிலோ. இரண்டு உள்ளங்கையும் என்னைப் பார்க்கப் பிடித்துத் தூக்கினேன். முழங்கால் வரை வந்த கம்பி விரல்களைத் திறந்துகொண்டு நழுவிவிட்டது. பயிற்சி தரும் தம்பி வந்து, "ஒரு கையைத் திருப்பிப் பிடிங்க அங்கிள், நழுவாது" என்றார். மிக்ஸட் கிரிப் என்று அதற்குப் பெயர். வலது கையைத் திருப்பினேன். உண்மையிலேயே நழுவவில்லை. மூன்றாவது முறை தூக்கும்போது முழங்கை மடிப்பில் "டப்" என்று ஒரு சத்தம். சட்டைத் துணி கிழிந்ததோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

புஜத்துச் சதை மேலே ஏறி உருண்டு நின்றது. மறுநாள் முழங்கை மடிப்பு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாளை வீணாக்கினேன். விநோதம் என்னவென்றால் குழாயைத் திறக்க முடிந்தது, இறுக்கி மூட முடியவில்லை. பேனா பிடிக்கலாம், பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், பைசெப்ஸ் என்கிற புஜத்துச் சதையின் கீழ்முனை எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது என்று. இரண்டு மூன்று வாரத்துக்குள் தைத்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் சதை சுருங்கி வேலை கஷ்டமாகும் என்றார். பதினாறாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதிலிருந்து விடுதலை கிடைத்தது, அது ஒன்றுதான் லாபம்.

பிய்ந்ததற்கான காரணத்தை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். புஜத்துச் சதையின் தசைநாண் முழங்கையைத் தாண்டிப் போய், முன்கையில் ரேடியஸ் என்கிற எலும்பில் ஒட்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. முழங்கையை மடக்குவது ஒன்று, உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்புவது இன்னொன்று. டெட்லிஃப்டில் கையைத் திருப்பிப் பிடித்தால் இரண்டாவது வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் முழங்கையைக் கொஞ்சம் மடக்கிச் சுண்டி இழுத்தால் முழுப் பாரமும் அந்த நாணில் போய் விழும். நாற்பதிலிருந்து அறுபது வயது வரையுள்ள ஆண்களுக்குத்தான் இது அதிகம் நடக்குமாம், புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாம். நான் இருபது வருடம் பிடித்தவன்.

மிக்ஸட் கிரிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது நழுவாததற்கு நியாயம் இருக்கிறது. இரண்டு கையும் ஒரே பக்கமாக இருந்தால் கம்பி உருண்டு விரல் நுனிப்பக்கம் போகப் பார்க்கும். ஒரு கையைத் திருப்பிவிட்டால், ஒரு கையிலிருந்து வெளியே உருளுகிற கம்பி இன்னொரு கைக்குள் உருளும், ஆக எங்கேயும் போகாது. டெட்லிஃப்டும் ஒரு பிரிவாக இருக்கிற பவர்லிஃப்டிங் போட்டியில் பெரிய எடை தூக்குகிறவர்கள் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையைக் கயிறு மாதிரி நேராகத் தொங்கவிட்டு, கம்பியில் மெதுவாக இறுக்கம் ஏற்றி, அப்புறம்தான் காலால் தரையைத் தள்ளுகிறார்கள். எப்போதும் ஒரே கையைத் திருப்பினால் உடம்பும் ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொள்ளும் என்பதால், பயிற்சியின்போது கையை மாற்றி மாற்றித் திருப்புகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் "திருப்பிப் பிடிங்க" என்று மட்டும் சொல்வதில்தான் எனக்கு வருத்தம். அந்தத் தம்பியையும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், வயது 22. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

என் கேஸில் கோளாறு கையைத் திருப்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கை பிசுபிசுப்பு. கம்பி பழசு, சொரசொரப்புத் தேய்ந்து நடுவில் வழவழவென்று கிடந்தது. குணமாகிப் போனபோது ஒரு வேலை செய்தேன், கணக்குப்பிள்ளை புத்தி விடுமா. கம்பியில் நூலைச் சுற்றி ஸ்கேலில் அளந்தேன். சுற்றளவு பத்து சென்டிமீட்டர். அப்படியென்றால் குறுக்களவு கிட்டத்தட்ட 32 மில்லிமீட்டர். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் கம்பி 28 மில்லிமீட்டர், பெண்கள் கம்பி 25. நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சின்னக் கைக்காரர்கள் பிடித்துப் பார்த்தால் தெரியும், பெருவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளாது. இதற்கு மேல் மெத்தென்ற கையுறையை வேறு மாட்டிக்கொண்டால் கம்பி இன்னும் தடிமனாகிவிடும், பிடி இன்னும் விட்டுப்போகும். பெண்கள் வரும் ஜிம்களில் ஒரு மெல்லிய கம்பியாவது வைக்கலாம்.

அப்புறம் பொடி. எங்கள் ஜிம்மில் "பொடி போடக் கூடாது, தரை அழுக்காகும்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர்கள் பொடி என்று சொல்வது மெக்னீசியம் கார்பனேட், கை வேர்வையை உறிஞ்சுவதற்குப் போடுவது. மேட்டூர் திறந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எங்கள் பக்கம் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். அதில் பொடி இல்லாமல் கனமான கம்பியைப் பிடி என்பது அநியாயம். பொடிக்குத் தடை என்பதால் பையன்கள் என்னென்னவோ செய்தார்கள். ஒருவன் முகப் பவுடரைப் பூசிக்கொண்டான், அது இன்னும் வழுக்கியது. இன்னொருவன் சுவரில் மாட்டியிருந்த ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே இருந்த விபூதியை இரண்டு கையிலும் அள்ளித் தேய்த்துக்கொண்டு நூறு கிலோவைத் தூக்கினான். தூக்கியும்விட்டான், அது யார் செயல் என்று நான் வாதம் செய்யவில்லை. தரைதான் கவலை என்றால் திரவமாகப் புட்டியில் வரும் பொடி இருக்கிறது. அதில் சாராயச் சத்து கலந்திருப்பதால் கையில் தடவிய கொஞ்ச நேரத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவாகச் சிந்தாது.

இப்போது நான் பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, பொடி தடவிக்கொள்கிறேன். கைகள் கால்களுக்குச் சற்று வெளியே, நேராகத் தொங்கும் அளவுக்குத்தான் அகலம். கம்பியை உள்ளங்கை நடுவில் வைப்பதில்லை, விரல்கள் தொடங்கும் இடத்தில் வைக்கிறேன். நடுவில் வைத்தாலும் பாரம் ஏறியதும் கம்பி கீழே இறங்கி அங்கேதான் வந்து நிற்கும். வருகிற வழியில் தோலை மடித்து இழுத்துக் காய்ப்பைக் கிழித்துவிடும். காய்ப்பு மேடாகும்போது குளித்த பிறகு குதிகால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துவிடுகிறேன். இரண்டு உள்ளங்கையும் என்னைப் பார்க்கத்தான் இருக்கும். அந்தப் பிடியில் தாங்கும் எடைதான் என் கைக்குரிய எடை. கடைசி முறை தூக்கியதும் உடனே கீழே வைக்காமல் பத்து, பதினைந்து எண்ணும் வரை பிடித்து நிற்கிறேன். வீட்டில் இரண்டு இருபது லிட்டர் கேன்களைக் கைக்கொன்றாகத் தெருவிலிருந்து கொல்லை வரை தூக்கி நடக்கிறேன். நாலைந்து மாதத்தில் பிடி நன்றாகவே ஏறியது.

அதற்கு மேல் எடை போனால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஹூக் கிரிப், பெருவிரலை முதலில் கம்பியோடு படுக்கவைத்து அதன்மேல் மற்ற விரல்களைப் போட்டு இறுக்குவது. 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் போன்ற பளுதூக்கும் வீரர்கள் பிடிப்பது இப்படித்தான். இரண்டு கையும் ஒரே பக்கம், திருப்புகிற பேச்சே இல்லை. ஆனால் முதல் சில வாரம் பெருவிரல் உயிரை எடுக்கும். நான் முயன்று பார்த்தேன், மறுநாள் பில் எழுத முடியாமல் விட்டுவிட்டேன். வயதில் சின்னவர்கள் டேப் சுற்றிக்கொண்டு பழகலாம்.

இன்னொன்று ஸ்ட்ராப், மணிக்கட்டில் மாட்டி கம்பியில் சுற்றிக்கொள்ளும் பட்டை. அதைப் பயன்படுத்தினால் ஏமாற்று என்று எங்கள் ஜிம் பையன்கள் சிரிப்பார்கள். பவர்லிஃப்டிங் போட்டிகளில் ஸ்ட்ராப் கூடாது என்பது வாஸ்தவம். போட்டிக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். 2016-ல் முதன்முதலாக 500 கிலோ டெட்லிஃப்ட் செய்த இங்கிலாந்துக்காரர் எட்டி ஹால் ஸ்ட்ராப் போட்டுத்தான் தூக்கினார். ஆலைக்கு வந்து பாருங்கள், எங்கள் லோடுமேன்கள் கனத்த மூட்டைக்குக் கொக்கி போடுகிறார்கள். கொக்கி போடுகிறவர் பலமில்லாதவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொக்கி இல்லாதபோது இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மூட்டையின் காதுகளை, அதாவது மூலை முனைகளைப் பிடித்து, சாக்குத் துணியைப் பெருவிரலில் ஒரு முறுக்கு முறுக்கித் தூக்குவார்கள். கை போன பிறகு இதை மணிக்கணக்காகக் கவனித்திருக்கிறேன், வேறு வேலை செய்ய முடியாதே. ஒருவரும் ஒரு கையைத் திருப்பிப் பிடித்து நான் பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன். "ரெண்டு கையும் ஒரே மாதிரி இருந்தாத்தான் மூட்டை நேரா வரும்" என்றார்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து இப்படிக் கட்டுரை போடும்போது கை தெரிகிற மாதிரி இரண்டு படம் சேர்த்துப் போடுங்கள். அந்த ஞாயிறு வந்த படத்தை எங்கள் ஜிம்மில் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நான் பேனாவால் முழங்கையை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், யாரும் இன்னும் கேட்கவில்லை.

திரவப் பொடி ஒரு புட்டி நானே வாங்கிக்கொண்டுபோய் ஜிம்மில் வைத்தேன். இரண்டு வாரத்தில் காலி. இப்போது ஜிம்காரரே வாங்குகிறார். ஆஞ்சநேயருக்குக் கீழே விபூதியும் தங்குகிறது.

இப்படிக்கு,
அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.