கிளட்ச் செட்டை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார்களில் கிளட்ச் முன்போல் உழைப்பதில்லை என்றும், உதிரிபாகங்களின் தரம் குறைந்துவிட்டதே அதற்குக் காரணம் என்றும் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சேலத்தில் கார் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் அந்தக் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தேய்ந்துவிட்டதாகச் சொல்லிக் கழற்றப்படும் கிளட்ச்களில் சில, மாற்ற வேண்டிய நிலையிலேயே இருப்பதில்லை. உண்மையிலேயே தேய்ந்தவற்றிலும், தேய்ந்ததற்கான காரணத்தைத் தேடாமல் புதியதை மாட்டி அனுப்பிவிடுவதால், அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு ஆளாகிறது.

இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்ததற்கு முதல் அடையாளம் ஸ்லிப் ஆவது, அதாவது பிடிமானமின்றி வழுக்குவது. ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தினால், நல்ல கிளட்ச் உள்ள வண்டியில் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளும் வண்டியின் வேகமும் சேர்ந்தே ஏறும். ஸ்லிப் ஆகும் வண்டியில் முள் மட்டும் விருட்டென்று தாவும். ஓரிரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டின் மேல் மிச்சமிருக்கும் உராய்வுப் படலமான லைனிங்கும் கருகிவிடும். பெடலைக் கம்பியால் இணைத்த கேபிள் கிளட்ச் உள்ள வண்டியானால், அப்போதும் கிளட்ச்சை மாற்ற உடனே கியர்பாக்ஸை இறக்கிவிடக் கூடாது. பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது இருக்க வேண்டிய சிறு தளர்வு, இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருந்தால், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் முழு பலத்தோடு அழுத்தாது. நல்ல பிளேட்கூட வழுக்கும். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும்.

கியர் விழ மறுப்பதும், ரிவர்ஸ் போடும்போது கரகரப்பதும் வேறு நோய். இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால், பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று பொருள். கேபிள் நீண்டிருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சானால் ஆயில் கசிந்திருக்கலாம் அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் அடங்கிய கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட கார் ஒன்று எங்களிடம் வந்தது. கம்பெனி கார்பெட்டின் மேல் தடித்த ரப்பர் மேட், அதன் மேல் இன்னொரு மேட் போட்டிருந்தார்கள். பெடல் தரைவரை இறங்க வழியே இல்லை. மேட்டை எடுத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. சத்தத்திலும் இதே கவனம் தேவை. பெடலை மிதித்தால் வரும் சத்தம் பெரும்பாலும் கிளட்ச்சை விலக்க உதவும் ரிலீஸ் பேரிங்கினுடையது. மிதித்தால் நின்று, விட்டால் திரும்ப வரும் சத்தமானால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதற்குக் கிளட்ச் செட் மாற்றுவது வீண் செலவு.

இனி தேய்மானத்துக்கு வருகிறேன். பெடலை முழுதாக விட்டு ஓட்டும்போது பிளேட்டும், இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃபிளைவீலும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றுவதால் அங்கே உராய்வே கிடையாது. ஆகவே பைபாஸில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் கிளட்ச் பெரிதாகத் தேய்வதில்லை. பெடலைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்ச்சில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தேய்கிறது. இத்தனை கிலோமீட்டரிலேயே போய்விட்டது என்ற கணக்கு அதனால்தான் தனித்து எதையும் நிரூபிப்பதில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் விடுமுறை நாட்களில் பார்த்தால், எதிரே இறங்கும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்பவர்களில் பலர் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஆக்சிலேட்டரும் கிளட்ச்சுமாக வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடிக்கிறார்கள். கருகும் வாடை வந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கி, எந்த வண்டியில் என்று தேடுகிறார்கள்! ஓட்டும்போதெல்லாம் இடது காலைப் பெடலின் மேலேயே வைத்திருப்பதும் இதே வகைதான், தேயும் வேகம்தான் குறைவு.

காரணம் எதுவானாலும் கழற்றிய உறுப்புகளிலேயே அது தெரியும். ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடங்கள் இருந்தால் அநேகமாக ஓட்டும் முறையிலேயே கோளாறு. லைனிங் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையங்களான இன்ஜின் கிராங்க் பின்புற ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது. கிளட்ச் பிளேட்டைத் தேய்மானப் பொருள் என்று வகைப்படுத்தி நிறுவனங்கள் பொதுவாக வாரண்டியில் சேர்ப்பதில்லை. செலவு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. அப்படியிருக்க, பழைய பிளேட்டைக் கண்ணில் காட்டி, தேய்ந்த காரணத்தையும் பில்லில் எழுதித் தருவதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கசியும் சீலை அப்படியே விட்டுப் புதிய பிளேட்டைப் போடுவதுதான் நான் காணும் தவறுகளில் மிக மோசமானது. கிளட்ச் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் சீலின் விலை சொற்பம். ஆனால் அதை மாற்றப் பிற்பாடு மீண்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அந்தக் கூலியையும் வாடிக்கையாளர்தான் இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கார் பட்டறை நடத்தும் வாசகர்,
சேலம்.