பூச்சுக்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள மாப்ளே,

பாளை வீட்டுக்கு அடுத்த வாரம் பூச்சு வேலை என்று கட்டையன் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ராத்திரி முழுக்கப் படிக்கிறேன் என்கிறான், நமக்குக் கேட்பதென்னவோ ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம்தான். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்பை வீட்டுப் படிக்கட்டு லைட்டுக்கு, போனிலிருந்தே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்மார்ட் டிம்மர் போட்டதும், போட்டோவைப் பார்த்துவிட்டு "ஏலே, ஜமீன்தார் ஆயிட்டியா"ன்னு கேட்டாயே, நினைவிருக்கிறதா? நீயும் அதையேதான் வாங்கப் போகிறாயாம். வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது போடுகிற 'டக்' சத்தத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டை விநாடிக்கு 100 தடவை நறுக்கி வெளிச்சத்தைக் குறைக்கும். அதில் அசைகிற சாமான் எதுவும் கிடையாது. பல்பு ஒத்துவராவிட்டால் லேசாக ரீங்காரம் வரும், அவ்வளவுதான். அப்புறம் 'டக்' எங்கிருந்து வருகிறது? படிக்கட்டுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், நடுவே இரண்டு வயர் ஓடும் இல்லையா. கீழே பழைய டூ வே சுவிட்ச் அப்படியே இருக்கட்டும், மேலே மட்டும் எங்கள் டிம்மரைப் போடுங்கள் என்று சொல்லி விற்கிற சில பெட்டிகளில், அந்த இரண்டு வயரில் எது இப்போது இணைப்பில் இருக்கிறது என்று பார்த்து அதற்கு மாறிக்கொள்ள ஒரு ரிலே, அதாவது காந்தத்தால் இயங்குகிற சுவிட்ச், வைத்திருக்கிறார்கள். கீழே யாராவது சுவிட்சைத் தட்டினால் மேலே காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும், காண்டாக்ட் போய் மோதும். டக்!

மேலே அந்தப் பெட்டி இருப்பது அம்மாவின் தலைமாட்டுச் சுவரில். கீழே சுவிட்சைத் தட்டுவது என் மகன், ராத்திரி ஒரு மணிக்கு, பசித்து.

முதலில் அம்மா பல்லி என்றுதான் நினைத்தாள். டக் என்று கேட்டதும் கட்டிலை விரலால் தட்டி "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்பாள். எந்தத் திசையிலிருந்து சொல்லுது, என்ன பலன் என்று காலையில் பஞ்சாங்கம் வேறு. கிழக்கில் பல்லி சொல்லிவிட்டது என்று ஒரு நாள் நான் தென்காசி போவதையே நிறுத்திவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே அவளை.

சிரித்தாயிற்றா? அப்புறம் ஒரு நாள் விடியுமுன் என்னை எழுப்பி, "உங்க அப்பா கீழ இறங்குதாரு போல, லைட்டைப் போட்டுட்டுப் போறாரு" என்றாள். அப்பா நாலரைக்கே எழுந்து ஆற்றுக்குக் குளிக்கப் போவார், ஞாபகம் இருக்கும். நான் ஒன்றும் பேசவில்லை. போய்க் காப்பி போட்டேன்.

அதிலிருந்து இதே யோசனைதான் மாப்ளே. நம்ம பழைய வீட்டில் கறுப்பு உருண்டை சுவிட்ச் 'டொக்'கென்று தெரு வரைக்கும் கேட்கும். ஒருத்தர் தூக்கமும் கெட்டதில்லை. யார் கை வைத்தார்களோ அங்கேதான் சத்தம் வரும், எல்லாருக்கும் அது தெரியும். இதில் கை கீழே, சத்தம் மேலே.  கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டால் "அது நார்மல் சார்" என்கிறான். நார்மல்தான், அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

கடைசியில் கீழே இருந்த டூ வே சுவிட்சைக் கழற்றி, லைட்டுக்கு நேராக ஒரே வழியில் இணைத்துவிட்டு, அந்த இடத்தில் பேட்டரி போட்ட வயர்லெஸ் பட்டனை ஒட்டினோம். அது ரேடியோவில் டிம்மருக்குச் சொல்லும். வயர் மாறாததால் ரிலேக்கு வேலை இல்லை. அம்மா தூங்குகிறாள். மகன் இப்போது சத்தமில்லாமல் தின்கிறான்.

உனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். காடி வெட்டிப் பைப் பதித்தாயிற்று, வயர் இன்னும் இழுக்கவில்லை என்றான் கட்டையன். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும், முக்கியமாகப் படிக்கட்டுப் பெட்டிகளுக்கு, பல ஸ்மார்ட் பெட்டிகளுக்குத் தேவைப்படுகிற நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், ஒன்று இழுக்கச் சொல். "எதுக்கு சார் வீண் செலவு" என்பார் வயரிங் அண்ணாச்சி, விடாதே. ரிலே உள்ள எதையும் படுக்கையறைச் சுவரில் வைக்காதே, வீட்டு வயரெல்லாம் பிரிகிற டி.பி. பாக்ஸ் பக்கத்தில் கொண்டு போய்விடு. பிளைவுட் தடுப்பில் வைக்கவே வைக்காதே, அது சத்தத்தைப் பெரிதாக்கும். யாராவது பெட்டிக்குள் ஸ்பாஞ்சை அடை என்பார்கள், அதையும் கேட்காதே. டிம்மர் சூடாகும். சத்தமே போடாத ரிலே ஒன்று உண்டு, செமிகண்டக்டர் ரகம். ஆனால் ஆஃப் செய்த பிறகும் அதில் துளி கரண்ட் கசியும், சின்ன எல்.இ.டி. பல்பு விடிய விடிய மினுக்கும்.

ஃபேனுக்கும் இதே கதைதான். பல ஸ்மார்ட் ரெகுலேட்டர்களில் வேகத்தை மாற்றுவது கெப்பாசிட்டர்கள், அவற்றை மாற்றிவிடுவது ரிலேக்கள். வேகத்தைக் கூட்டினால் டக், டக். பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கிற, பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன்) வாங்கினால் பெரும்பாலும் ரிமோட் கூடவே வரும், அந்த ஃபேனைக் கொண்டுபோய் டிம்மரில் மாட்டிவிடாதே.

கட்டையனை மட்டும் நம்பி சைட்டை விடாதே, அவன் டீ குடிக்கப் போனால் சமாதானபுரத்தில்தான் நிற்பான். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். வயர் எங்கே போகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
ஒல்லி