சரிவு ஆய்வறிக்கையில் விடையை மட்டும் பார்க்காதீர்கள்: சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் லால்மாட்டியா நிலக்கரிச் சுரங்கத்தில் சரிவு இடிந்து 23 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு வந்த நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், 106ஆம் விதியின் மூலம், திறந்தவெளிச் சுரங்கச் சரிவுகளை, அதாவது குழியின் சாய்ந்த பக்கங்களை, அறிவியல் ஆய்வின்படி வடிவமைக்க வேண்டும் என்றன. மிகவும் தேவையான விதி அது. ஆனால் அந்த ஆய்வின் பெயரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும் அறிக்கைகளில் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதை நம்பி ஒப்புதல் தர வேண்டும் என்பது பற்றிப் பாறைப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்று பெரும்பாலான ஆய்வுகள் கணினி வழியிலான எண்முறை மாதிரிகளைக் கொண்டே செய்யப்படுகின்றன. சரிவின் குறுக்குவெட்டைக் கணினியில் வரைந்து, பாறையின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்தக் கட்டத்தில் சரிவு நிலைகுலைகிறதோ அந்தக் குறைப்பின் அளவையே பாதுகாப்புக் காரணி என்கிறோம். அது 1.3க்கு மேல் இருந்தால் பொதுவாக நிம்மதி கொள்கிறோம். வண்ணப்படமும் அந்த ஒரே எண்ணும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இடம்பெறுகின்றன. அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லும் பக்கங்கள்தாம் மெலிந்து கிடக்கின்றன.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். குழியை நோக்கி 35 பாகை சாய்ந்திருக்கும் ஒரு பிளவுத்தளத்தின் மேல் பெரும்பாறை ஒன்று அமர்ந்திருக்கிறது. தளத்தில் இரு பக்கங்களையும் பிணைக்கும் ஒட்டுவலிமை இல்லை, நீரும் இல்லை. உராய்வு எவ்வளவு சாய்வு வரை பாறையை வழுக்காமல் பிடித்துவைக்கும் என்பதைச் சொல்லும் உராய்வுக் கோணம் 40 பாகை என்று எழுதினால் பாதுகாப்புக் காரணி 1.20. அதையே 45 என்று எழுதினால் 1.43. களத்தில் அளக்காமல் நூலிலிருந்து எடுத்துப்போட்ட 5 பாகை, அனுமதிக்கத் தகாத சரிவை அனுமதிக்கத் தக்கதாக்கிவிடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். உராய்வுக் கோணம் 40 ஆகவே இருக்க, மழைநீர் அத்தளத்தில் புகுந்து, தளத்தை அழுத்தும் விசையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டால், காரணி 0.96க்கு இறங்கிவிடும், அதாவது பாறை நகரும். எத்தனை நவீன மென்பொருளானாலும் இந்த உணர்திறனிலிருந்து தப்ப முடியாது.

கருங்கல் குவாரிகளில் சிக்கல் வேறு விதமானது. உறுதியான பாறையைப் பிளவுகளற்ற ஒரே பொருளாகக் கருதி மாதிரி அமைத்தால் காரணி எப்போதும் தாராளமாகவே வரும், ஏனென்றால் அந்தப் பாறை தானாக நொறுங்குவதே இல்லை. அது தன் பிளவுத்தளங்களின் வழியே ஆப்பாகவோ பலகையாகவோ கழன்று விழுகிறது. 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் நள்ளிரவு நேரத்தில் பாறை சரிந்து, அடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் நால்வர் இறந்ததை நாம் மறந்துவிடலாகாது. இத்தகைய இடங்களில் தனித்தனிப் பாறைத்துண்டங்களின் அசைவைக் கணிக்கும் முறையே பொருந்தும். அதற்கு முன், பிளவுகளின் சாய்வு, திசை, இடைவெளி, நீளம் ஆகியவற்றை ஒருவர் குவாரியில் படிபோல் வெட்டப்பட்ட பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நடந்து அளந்திருக்க வேண்டும். வெடிவைப்பால் முகப்புப் பாறை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதும் மாதிரியில் ஏற வேண்டும்.

மாதிரியின் எல்லையை எங்கே வகுக்கிறோம் என்பதும் அற்பமான கேள்வியன்று. லால்மாட்டியாவில் கழிவுமண் மேட்டின் தளமே சுமார் 300 மீட்டர் நீளத்துக்கும் 110 மீட்டர் அகலத்துக்கும் 35 மீட்டர் கீழிறங்கியதாகச் சுரங்க நிறுவனம் அப்போது அறிவித்தது. தளத்தை அசையாதது என்று முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்ட எந்த மாதிரியும் அப்படியொரு இடிவைக் காட்டியிருக்காது.

மாதிரியைக் களம் சோதிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் பிங்ஹாம் கேன்யன் சுரங்கத்தை நினைவூட்டுகிறேன். 2013 ஏப்ரல் 10 இரவு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இடைவெளியில், இரு பெருஞ்சரிவுகள் அங்கே நிகழ்ந்தன. ரேடார் கருவிகள் அசைவைத் தொடர்ந்து அளந்துவந்ததாலும், அந்த அளவுகளை நம்பி ஆட்களை வெளியேற்றியதாலும் ஒருவருக்கும் காயமில்லை. ஆயினும் இடிபாடுகள் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் ஓடி இயந்திரங்களைப் புதைத்தன. சரிவு எப்போது விழும் என்பதோடு, விழுந்தால் எதுவரை ஓடும் என்பதையும் கணித்தாக வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு ஆய்வறிக்கையோடும் மாதிரியின் மூலக்கோப்பையும், களத்தில் அளந்த பிளவுப் பதிவுகளையும், ஆய்வக முடிவுகளையும், நிலத்தடி நீர்மட்ட அளவுகளையும் கட்டாயமாகப் பெறுங்கள். எந்த எண் அளக்கப்பட்டது, எது அனுமானம் என்று ஆய்வாளர் கையொப்பமிட்டுப் பிரித்துக் காட்டட்டும். ஒரே காரணிக்குப் பதிலாக, உள்ளீடுகள் மாறினால் அது எந்த எல்லைக்குள் ஊசலாடுகிறது என்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும், அளந்த நகர்வை மாதிரி சொன்ன நகர்வோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட அறிக்கை வர வேண்டும். சிறு குவாரி உரிமையாளர்களுக்கு இச்செலவு கட்டுப்படியாகாது என்ற மறுப்பு எழும், அதில் உண்மையும் உண்டு; ஒரே பாறைத்தொடரில் அடுத்தடுத்து இயங்கும் குவாரிகளுக்குக் கூட்டாக ஒரே ஆய்வு செய்ய அனுமதித்தால் அந்தச் சுமை பெருமளவு குறையும்.

இப்படிக்கு,
பாறைப் பொறியியல் ஆசிரியர் ஒருவர்