செய்தித் தலைப்பில் ‘பலி’ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். இறப்பு, மரணம், மறைவு, காலமாதல், இயற்கை எய்துதல் என்று நீளும் அந்தப் பட்டியல், இவையெல்லாம் ஒரே பொருள் தருவன, எந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. சாத்தூரில் அச்சகம் வைத்து, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் காரிய அழைப்புகளும் அச்சிட்டுத் தருகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்களிடம் வருவோர் தங்களுக்கு வேண்டிய சொல்லைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். சைவக் குடும்பத்தார் ‘சிவலோக பதவி அடைந்தார்’ என்றும், வைணவர் ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்றும், கிறித்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும், இசுலாமியர் ‘வஃபாத்தானார்’ என்றும், பகுத்தறிவாளர் ‘இயற்கை எய்தினார்’ என்றும் கேட்பார்கள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் சுவரொட்டி கடையைத் தாண்டாது. கடைசிவரை கறுப்புச் சட்டை அணிந்த ஒருவரின் மகன்கள் இருவர், ‘இயற்கை எய்தினார்’ என்பதா ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதா என்று என் மேசை முன்னால் நின்று வாதிட்டதும், இறுதியில் ‘மறைந்தார்’ என்று போட்டு இருவரையும் அனுப்பிவைத்ததும் உண்டு. ஆனால் அச்சில் இவ்வளவு கவனமாக இருக்கும் இதே மக்கள், பேச்சில் ‘தவறிட்டாரு’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, ‘கேதத்துக்குப் போய்வந்தேன்’ என்றோ ‘துட்டி கேட்டுவிட்டு வந்தேன்’ என்றோதான் சொல்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்து நிறைவாழ்வு வாழ்ந்தவர் போனால் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லும் வழக்கில், சாவு என்ற சொல்லுக்கே ஒரு களை வந்துவிடுவதையும் பார்க்கிறோம்.

இந்தக் கவனம் புதியதன்று. செத்தாரைத் துஞ்சினார் (உறங்கினார்) என்பதையும் சுடுகாட்டை நன்காடு என்பதையும் இலக்கண உரைகள், தக்க வேறு சொல்லால் குறிக்கும் தகுதி வழக்கில் ‘மங்கலம்’ (மங்கலமற்றதை நல்ல சொல்லால் சொல்வது) என்று வகைப்படுத்துகின்றன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் போன்ற பெயர்கள் சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு அறிமுகமானவையே. கொப்பத்துப் போரில் 1054இல் யானைமேல் இருந்தபடி உயிர்விட்ட முதலாம் இராஜாதிராஜனைச் சோழர் கல்வெட்டுகள் ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ என்கின்றன. உறக்கம் என்று மங்கலமாகச் சொன்ன அந்தத் தொடரிலும், அவன் எங்கே, எந்த நிலையில் இறந்தான் என்ற செய்தி விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உறங்கினவர் செத்தவரினும் வேறானவர் அல்லர் என்று சொல்ல வந்த வள்ளுவரோ, ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்று கள்ளுண்ணாமையில் இரண்டு சொற்களையும் அருகருகே நிறுத்துகிறார்.

குடும்பத்தார் கொடுக்கும் அறிவிப்பில் எந்தச் சொல் வர வேண்டும் என்பது அவர்கள் உரிமை. நாளிதழ் தானாகத் தேர்ந்தெடுத்து எழுதும் சொல்லைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். ஒரே நாளில், ஒரே பக்கத்தில், தொழிலதிபர் ‘காலமானார்’ என்று ஒரு தலைப்பும், தொழிலாளர்கள் ‘பலி’ என்று பக்கத்திலேயே இன்னொரு தலைப்பும் வருகின்றன. முன்னவருக்கு ஒரு வினைமுற்றும் அதன் இறுதியில் ‘ஆர்’ என்ற மரியாதை விகுதியும் கிடைக்க, பின்னவர்களுக்கு எண்ணிக்கையும் ஒரு வெறும் பெயர்ச்சொல்லும் மட்டுமே மிஞ்சுகின்றன.

பலி என்பது படையல். தேவாரத்தில் இறைவன் வீடு வீடாகச் சென்று ஏற்கும் பிச்சைக்கும் அந்தப் பெயர் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கொடுப்பவர் ஒருவரும் ஏற்பவர் ஒருவரும் இல்லாமல் பலி இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்தபோது இறந்தவர்களை யார், யாருக்குப் படைத்தார்கள்? எங்கள் வட்டாரத்தில் இப்படி நடக்கும்போதெல்லாம் ஓர் அறையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைத்தது, உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டது, மணிமருந்தில் (பட்டாசுக்கான வெடிமருந்துக் கலவையில்) உராய்வு ஏற்பட்டது என்ற காரணங்களே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. இவற்றில் ஒன்றுகூட விதியின் வேலையன்று. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியோர் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்ற தலைப்பும் அப்படிப்பட்டதே. கையால் மலம் அள்ள வைப்பதையும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று வகுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியும் இருக்கிறது. அப்படியிருக்க, வாயுவைத் தலைப்பில் எழுவாயாக்கி, ஆளை இறக்கிவிட்டவரை விட்டுவிடுவது செய்தியாகாது.

இங்கே, போரிட்டு மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களை நினைவூட்ட விரும்புகிறேன். திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், எருமைகளைக் காத்து நின்று மாண்ட வீரனைப் ‘பட்டான்’ என்று குறிப்பதோடு, அவன் யாருடைய மகன் என்பதையும் எதன்பொருட்டு இறந்தான் என்பதையும் சொல்லி, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த நாயைக்கூடப் பெயரோடு குறிப்பிடுகிறது. உளி கொண்டு கல்லில் வெட்டியவருக்கு இருந்த இடநெருக்கடியைவிட, இன்றைய செய்தி ஆசிரியருக்கு இருப்பது பெரிதாக இருக்க முடியாது.

தலைப்பில் இடம் போதாததால்தான் ‘பலி’ வருகிறது என்று சொல்லக்கூடும். எழுத்துக் கோத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘சாவு’ என்பதற்கும் இரண்டே எழுத்துகள்தாம். அது கொச்சை என்று தயங்குவோர், ‘சாதலும் புதுவது அன்றே’ என்ற புறநானூற்று அடியைப் பாராட்டிக்கொண்டே அதே சொல்லைத் தலைப்பில் போடக் கூசுவது ஏன் என்று விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை பெரியவர் இறந்தாலும் ‘செத்தவீட்டுக்குப் போகிறேன்’ என்றே சொல்கிறார்கள். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் ‘இறந்தனர்’ என்று எழுதலாம். அமைச்சருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பொதுவாக நிற்கும் சொல் அது.

ஆகவே, விபத்துச் செய்திகளில் ‘பலி’ என்பதைத் தங்கள் நாளிதழ் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை எங்கள் பக்கத்து ஆலை விபத்தைப் பற்றி எழுதும்போது, இறந்தோரின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்ய அனுமதி இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், உரிமம் யார் பெயரில் இருந்தது, ஆலையை நடத்தியவர் யார் என்பவற்றையும் முதல் பத்தியிலேயே தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
சாத்தூர்.